காளை வழியா, கூண்டு வழியா? குழுவில் புது யோசனை வளர எது உதவும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மகளிர் குழுக்களுக்கும் பூ விவசாயிகளுக்கும் கூட்டம் நடத்திக் கொடுப்பது என் வேலை. "புதுசா ஏதாவது பண்ணணும்" என்று கூப்பிடுவார்கள். அந்தப் புதுசை வரவழைக்கப் பரிணாமத்திலிருந்து எடுத்த மூன்று வழிகளை வைத்துப் பார்த்திருக்கிறேன். பதியன் வழி, காளை வழி, கூண்டு வழி என்று அவற்றுக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

பதியனைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மதுரை மல்லியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தங்கச்சிமடம் பக்கமிருந்து நாற்று வரும்; தாய்ச்செடி எப்படியோ பிள்ளையும் அப்படியே. வேறு ஊரில் பலித்த ஒன்றை எடுத்து வந்து நடுவதும் இப்படித்தான். இதை மட்டமாக நினைக்க வேண்டாம். 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு வழிகாட்டிய முன்மாதிரிகளில் ஒன்று மெக்டொனால்ட்ஸ் கடைகள். எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே தரம் என்ற அந்த ஒழுங்கைக் கண் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். ஆனால் நகலில் வேற்றுமை கிடையாது. ஒரு செடியைச் சாய்க்கும் நோய் தோட்டத்தையே சாய்த்துவிடும்.

அடுத்தது காளை வழி. ஒவ்வொருவராக எழுந்து யோசனை சொல்ல வேண்டும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், ஜெயித்தவருக்குப் பரிசு. பெரும்பாலான போட்டிகள் நடப்பது இப்படித்தான். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலைத் தாண்டி நின்று விளையாடிய புலிக்குளம் காளைக்கு மதிப்பு ஏறும், இனத்துக்கும் அதை விடுவார்கள். தேர்வு என்றாலே நம் மனதில் முதலில் வருவது இந்தக் காட்சிதான். "தகுதியுள்ளதே பிழைக்கும்" என்ற சொற்றொடரும் சேர்ந்துகொள்கிறது. அது டார்வின் உண்டாக்கியது அல்ல; 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதியது. டார்வின் 1869இல் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற தன் நூலின் ஐந்தாம் பதிப்பில்தான் அதைச் சேர்த்தார். தகுதி என்று அவர் சொன்னது பலத்தை அல்ல, சூழலோடு பொருந்துவதை.

கூட்டத்தில் அந்தச் சூழல் எது? மைக். அங்கே பிழைப்பது நன்றாகப் பேசுகிறவர்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மல்லிகைக் குழுவுக்கு முதலில் காளை வழியில்தான் கூட்டம் வைத்தேன். சித்திரை வைகாசியில் பூ குவிந்து விலை விழும்போது என்ன செய்வது என்பது கேள்வி. கல்லூரி படித்த ஒரு தம்பி அருமையாகப் பேசிப் பரிசு வாங்கினார். அவர் சொன்னதை ஒருவரும் செய்யவில்லை. வருடக்கணக்காகப் பூக்கட்டும் பெண்களோ வாயே திறக்கவில்லை. வெளியே வந்தபோது ஒருவர் சொன்னார்: "அக்கா, அவுக பேசி முடிச்ச பெறகு நாங்க என்னத்தச் சொல்ல?" அந்தத் தவறு என்னுடையது.

கூண்டு வழிக்கு நான் வந்தது கோழிகளால். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு கூண்டுக்குள் பல கோழிகளை அடைத்தால் ஒன்றையொன்று கொத்திக் கொல்லும். பக்கத்துக் கோழியை மிரட்டித் தான் மட்டும் நிறைய முட்டையிடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த தலைமுறைக்குப் போவது அந்த மிரட்டலும்தான். மியூர் தனிக் கோழியைப் பார்க்கவில்லை. மொத்தக் கூண்டும் எப்படி இருக்கிறது என்று பார்த்து நல்ல கூண்டுகளின் வம்சத்தைப் பெருக்கினார். சில தலைமுறைகளிலேயே சாவு வெகுவாகக் குறைந்து முட்டை கூடியது.

வாடிவாசலில் காளை தனியாக வருகிறது. தனியாகத் தேர்ந்தெடுப்பது அதற்குச் சரி. பூ வியாபாரத்தில் பறிப்பவர், கட்டுபவர், வண்டியில் கொண்டுபோகிறவர் என எல்லோரும் ஒரே கூண்டில் இருக்கிறார்கள். அதனால் பாட்டு, ஓவியம், லோகோ போல ஒருவரே செய்து முடிக்கும் வேலையென்றால் காளை வழியே போதும். பலர் சேர்ந்து செய்ய வேண்டியது என்றால் நான் கூண்டு பக்கம்தான் நிற்பேன்.

அதே குழுவை மறுபடி உட்கார வைத்தபோது, முதல் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் என் காதில் சொன்னார்கள். இதற்கும் காரணம் உண்டு. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், சேர்ந்து பேசிய நான்கு பேரைவிடத் தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் பட்டியலைக் கூட்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனை வந்தது. அப்புறம் ஐந்து ஐந்து பேராகப் பிரித்தேன். ஒரு அணி செய்வது இன்னொரு அணிக்குத் தெரியாது. தீவில் ஒதுங்கிய உயிர்கள் தனிப் போக்கில் மாறுவதுபோல, அடுத்தவர் சாயல் ஒட்டாமல் வளரட்டும் என்றுதான். இரண்டு வாரம் கழித்து அணிக்கு ஒருவரை மட்டும் இடம் மாற்றினேன். ஒரு அணி மல்லி மொட்டுகளை ஈரத்துணியில் சுற்றி வாடாமல் வைக்கப் பழகியிருந்தது. இன்னொன்று கல்யாண மண்டபங்களில் நேராக ஆர்டர் கேட்கத் தொடங்கியிருந்தது, ஆனால் பூ வாடிப்போய் ஒரு ஆர்டரை இழந்திருந்தது. இடம் மாறிப் போன அக்கா ஈரத்துணியைக் கையோடு கொண்டுபோனார். மண்டபத்து ஆர்டர் நிலைத்தது. நடுவர் யாரும் இல்லை. மண்டபத்துக்காரர் திரும்பக் கூப்பிட்டாரா என்பதே தேர்வு.

இதற்குப் பொறுமை வேண்டும். இன்று ராத்திரிக்குள் முடிவெடுக்க வேண்டிய விஷயத்துக்கு இந்த வழி உதவாது. அப்போது அனுபவசாலி ஒருவர் சொல்வதைக் கேட்பதே மேல். தோற்றுப்போகும் அணிக்கு நஷ்டமும் உண்டு. அதைப் பொதுப் பணத்தில் ஈடுகட்டுவோம் என்று முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் யாரும் துணிய மாட்டார்கள்.

நவம்பர் கடைசியில் மல்லிக்குக் கவாத்து பண்ணுவார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள். பூ வரத்து குறைந்து பெண்கள் கையில் கொஞ்சம் நேரம் இருக்கும் காலம் அது. அடுத்த அணிகளை அப்போது பிரிப்பதாக இருக்கிறோம். இந்த முறை அந்தக் கல்லூரித் தம்பியும் ஒரு பூக்கட்டும் அணியில் இருக்கிறார்.