பழைய ஸ்லாபை உடைக்கச் சொல்லும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கை

பழைய தரச்சான்று நாணயங்களை மறுபடியும் தரம் பார்க்க அனுப்பலாமா என்று யோசிப்பவர்கள், அவற்றை யாரிடமும் ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னிடம் 1990களில் ஸ்லாப் செய்யப்பட்ட, அதாவது தரம் பார்த்து லேபிளோடு பிளாஸ்டிக் உறையில் முத்திரையிடப்பட்ட, அமெரிக்க மார்கன் வெள்ளி டாலர்கள் சில இருந்தன. அவற்றில் சிறந்தது, சான் பிரான்சிஸ்கோவில் 1881இல் அச்சானது, தரம் எம்.எஸ். 64 (புழக்கத்துக்கு வராத நாணயங்களுக்கான 60 முதல் 70 வரையிலான அளவில்). விளிம்பைச் சுற்றி இயற்கையாகப் படிந்த பொன்னிறம், சாய்த்துப் பார்த்தால் சுழன்று வரும் ஒளி. "அந்தக் காலத்தில் கறாராகத் தரம் போட்டார்கள். இன்று அனுப்பினால் 65 உறுதி" என்றார் இடைத்தரகர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. நாணயத் தரச்சான்று நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் தரம் பார்க்கத் தொடங்கின. ஆரம்ப ஆண்டுகளில் கண்டிப்பு அதிகம் என்று சேகரிப்பாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் பழைய ஸ்லாபுக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் ஆள் இருக்கிறது. இந்த மறுபாதியை அவர் வாய்திறந்து சொல்லவே இல்லை.

ஸ்லாபை உடைக்காமல், தரம் உயர்ந்தால் மட்டும் மாற்றித்தரும் மறுபரிசீலனைக்கு அனுப்பும்படி எழுத்தில் கேட்டிருந்தேன். அவரோ என் அனுமதியில்லாமல் உடைத்தார். அதோடு விடவில்லை, நாணயத்தை அமிலக் கரைசலில் முக்கியெடுத்திருக்கிறார். படிந்த நிறத்தை நீக்கினால் பளிச்சென்று தெரியும் என்பது இவர்களின் கணக்கு. ஆனால் கரைசல் நிறத்தை மட்டும் எடுப்பதில்லை, வெள்ளியின் மேற்பரப்பையும் அரிக்கிறது. அச்சடிக்கும்போது உலோகம் விரிந்தோடியதால் உண்டான நுண்ணிய கோடுகளில்தான் அந்தச் சுழலும் ஒளி இருக்கிறது. அவை மழுங்கிவிட்டால் திரும்ப வராது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருந்த அழகை ஒரு முக்கில் அழித்துவிட்டார். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

திரும்பி வந்த நாணயத்துக்கு எண் தரமே இல்லை. லேபிளில் "சுத்தம் செய்யப்பட்டது" என்ற குறிப்பு மட்டும். பழைய ஸ்லாபோடு இருந்த உத்தரவாதமும் போயிற்று. தரம் தவறென்றால் நிறுவனம் ஈடு தரும் என்ற அந்த உறுதி, உடைத்த நாணயத்துக்குப் பொருந்தாது. இடைத்தரகர் "இதெல்லாம் சந்தை அபாயம்" என்கிறார். கட்டணத்தை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார். தரம் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு நஷ்டமில்லை. அதனால்தான் "உறுதி" என்ற சொல் அவர்களுக்கு அவ்வளவு எளிதாக வருகிறது.

என் கருத்தில், 64க்கும் 65க்கும் இடையிலான விலை வித்தியாசமானது கட்டணம், காப்பீடு, தபால் எல்லாவற்றையும் தாண்டிப் பல மடங்கு இருந்தால் ஒழிய பழைய ஸ்லாபைத் தொடவே கூடாது. ஸ்லாபின் மேல் சி.ஏ.சி. ஒட்டுவில்லை (அந்தத் தரம் சரியே என்று இன்னொரு நிறுவனம் சரிபார்த்து ஒட்டுவது) இருந்தால் அறவே வேண்டாம். உடைத்தால் அதுவும் போய்விடும்.

அனுப்பியே தீரவேண்டுமென்றால் விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். வேறு நிறுவனத்தின் ஸ்லாபுக்கு மாற்றுவதானால், ஏற்கும் குறைந்தபட்சத் தரத்தை அதில் குறியுங்கள். இரு பக்கங்களையும் சான்று எண்ணோடு படமெடுத்து வையுங்கள். என்னிடம் இன்று ஆதாரமாக இருப்பவை அந்தப் படங்கள்தாம். ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்திருந்தால், நாணயம் இன்னும் பழைய ஸ்லாபில்தான் இருக்கிறதா என்று இன்றே படம் கேளுங்கள். உடைத்துவிட்டதாகச் சொன்னால் பழைய லேபிளைத் திருப்பி வாங்குங்கள். என்னுடைய லேபிள்கள் இன்னும் அவரிடமே இருக்கின்றன. கேட்டால் பதில் இல்லை.