ஜெல்லா, வாக்ஸா: முடியை அதிகம் உலர்த்துவது எது?

வறட்சி: பல ஜெல்களில் சேர்க்கும் ஆல்கஹால் சட்டென்று ஆவியாகி முடியை உலர்த்தும். (லேபிளில் செட்டில் ஆல்கஹால் என்றிருந்தால் பயம் வேண்டாம்; அது முடியை மென்மையாக்கும் வகை.) வாக்ஸில் எண்ணெயும் மெழுகும் இருப்பதால் அவ்வளவு உலர்த்தாது.

உடைதல்: காய்ந்து விறைத்த ஜெல்லின் மேல் சீப்பை இழுத்தால் முடி உடையும். முதலில் அலசிவிட வேண்டும். வாக்ஸ் அப்படி விறைக்காது.

கழுவுதல்: இங்கேதான் கதை மாறுகிறது. ஜெல் பெரும்பாலும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். வாக்ஸ் லேசில் போகாது. திரும்பத் திரும்ப ஷாம்பு போட்டால், அப்புறம் அந்த ஷாம்புவே முடியை உலர்த்திவிடும். மிச்சம் தங்கினால் நெற்றியோரம் பருவும் வரலாம்.

ஏற்கெனவே வறண்ட முடிக்கு வாக்ஸ், அதுவும் கொஞ்சமாக. எண்ணெய் வழியும் தலைக்கு ஆல்கஹால் இல்லாத ஜெல்.