ப்ளம் வில்லேஜ் ஒரு வார முகாம்: யாருக்கு, எதற்கு?

ஓய்வு விடுதி என்று நினைத்துக்கொண்டு தென்மேற்குப் பிரான்சில் இருக்கும் ப்ளம் வில்லேஜுக்குப் பணம் கட்ட வேண்டாம். வியட்நாமியப் பௌத்தத் துறவி திக் நாட் ஹானும் சகோதரி சான் கோங்கும் 1982-இல் தொடங்கிய மடம் இது. மக்கள் பணியில் இறங்கியவர்கள் களைத்து விழாமல் இருக்கப் பிறந்த தியானப் பயிற்சியைத்தான் இங்கே தருகிறார்கள். அதைத் தேடிப் போகிறவர்களுக்குக் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும்.

அங்கே எல்லோரும் திக் நாட் ஹானைத் 'தாய்' என்றே சொல்வார்கள். வியட்நாமிய மொழியில் ஆசிரியர் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி கேட்பதும் நன்றாகத்தான் இருக்கிறது. 1960-களின் நடுவில், வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சைகோனில் இளைஞர் சமூக சேவைப் பள்ளியை நிறுவியவர் அவர். அந்த இளைஞர்கள் கிராமங்களில் பள்ளியும் மருத்துவ நிலையமும் அமைத்தார்கள். ட்ரா லோக் என்ற கிராமம் குண்டுவீச்சில் அழிய அழியத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். போரை நிறுத்தச் சொல்லி 1966-இல் அமெரிக்கா போனவர், மறுபடி தாய்நாட்டு மண்ணை மிதிக்க 39 ஆண்டுகள் ஆயின. 1974-இல் பிரான்சிலிருந்து அந்தச் சேவைப் பள்ளியின் ஊழியர் ஒருவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். பாத்திரம் கழுவும்போது பாத்திரம் மட்டும் கழுவு, வாரத்தில் ஒரு நாளை முழு விழிப்போடு இருப்பதற்கென்றே ஒதுக்கு என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன. முகாமின் ஒவ்வொரு நாளும் அந்தக் கடிதத்தின் செயல்வடிவம்தான்.

விடியற்காலை 5 மணி வாக்கில் எழுப்பு மணி அடிக்கும். பிறகு அமர்ந்து தியானம், காலை உணவு, உரை அல்லது வேலைத் தியானம், நடைத் தியானம், மதிய உணவு. வேலைத் தியானம் என்றால் காய் நறுக்குவது, கழிப்பறை கழுவுவது, தோட்ட வேலை. கிடைத்த வேலையை மாற்றிக் கேட்காமல் செய்தால்தான் அதில் பலன். இடையில் எந்த மணி ஒலித்தாலும், சாப்பாட்டுக்கூடக் கடிகாரம் அடித்தாலும், செய்வதை நிறுத்தி மூன்று மூச்சு விட வேண்டும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் நாள் உடல் தானாக நிற்கும்.

நடைத் தியானத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். உள்மூச்சுக்கு மூன்று அடி என்று கணக்கு வைத்துக்கொண்டு மூச்சை அதற்குள் திணிப்பார்கள். நெஞ்சு இறுகும், தலை கனக்கும். மூச்சை அதன் போக்கில் விட்டு, அதற்குள் எத்தனை அடி விழுகிறது என்று பார்த்தால் போதும். வெளிமூச்சுக்கு ஓரடி கூடுதலாக விழுவது இயல்பு.

வட்டமாக உட்கார்ந்து அவரவர் அனுபவத்தைச் சொல்லும் பகிர்தல் வட்டத்தில் கைகூப்பிவிட்டுப் பேச வேண்டும், முடித்ததும் மறுபடி கைகூப்ப வேண்டும். குறுக்கே பேசக்கூடாது, அறிவுரை சொல்லக்கூடாது, கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது. அமைப்புகளில் வேலை செய்பவர்கள் ஊருக்கு எடுத்துவர வேண்டியது இதைத்தான். கூட்டங்களின் குணமே மாறிவிடும்.

சாப்பாட்டில் 2007 முதல் முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய் எதுவும் இல்லை. தயிர்சாதம் இல்லாமல் வயிறு நிறையாதவர்கள் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டின் முதல் பகுதி மௌனம். இரவு நிகழ்ச்சி முடிந்ததிலிருந்து மறுநாள் காலை உணவு வரைக்கும் மௌனம். மதுவும் புகையும் கூடாது.

குறை என்றால் ஒன்று. அட்டவணை முழுக்கப் பயிற்சிக்கே போய்விடுவதால், போர்க்கால வரலாறு தானாகக் காதில் விழும் என்று இருக்க முடியாது. படிக்காமல் போனால் அவர் மூச்சு சொல்லிக்கொடுத்த சாது மட்டுமே என்ற எண்ணத்தோடு திரும்ப நேரும். அது அவருக்கும் அந்த இளைஞர்களுக்கும் செய்யும் அநியாயம்.

முகாம் வெள்ளி முதல் வெள்ளி வரை. போர்தோ நகரிலிருந்து செந்த்-ஃப்வா-லா-கிராந்த் நிலையத்துக்கு ரயில் பிடிக்க வேண்டும். மடத்து வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும் என்பதால், விமானச் சீட்டை அதற்கேற்பப் போடுங்கள். சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். முகாம் பதிவு உறுதியான பிறகே விண்ணப்பியுங்கள். தியானக் கூடத்துக்கு வெளியே அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் கயிறு கட்டாத செருப்பு, இருட்டுப் பாதைக்கு டார்ச், குளிருக்குக் கம்பளிச் சட்டை போதும். குழந்தைகளோடு போவதென்றால் கோடை முகாம். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் துறவிகள் மடத்திலேயே தங்கிப் பயிலும் 'மழைக்கால வாசம்' இலையுதிர் காலத்தில் தொடங்கி மூன்று மாதம் நடக்கும்போது போகலாம்.