ஹைபிரிட் கார்: பெட்ரோல் எங்கே மிச்சமாகிறது, காசு எங்கே போகிறது?

சில வருடங்களாக ஸ்ட்ராங் ஹைபிரிட் கார் ஓட்டுகிறேன். அதாவது, பெட்ரோல் இன்ஜினோடு, வண்டியைத் தனியாகவே நகர்த்தக்கூடிய மின்மோட்டாரும் அதற்கென்று ஒரு பெரிய பேட்டரியும் உள்ள கார். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தினமும் எந்த மாதிரி ரோட்டில் ஓட்டுகிறீர்கள்?

நெரிசலில்தான் இந்த வண்டி கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஊர்ந்து போகும்போது இன்ஜின் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். ஏசி காற்றும் இண்டிகேட்டர் சத்தமும்தான் காதில் விழும். பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக அழுத்தினால், மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். சடாரென்று மிதித்தால் அந்த ஆற்றலில் ஒரு பகுதி பிரேக் பேடில் சூடாகி வீண். இது தெரிந்தபின் கால் தானாகவே பதமாகிவிட்டது. பேடும் நீண்ட நாள் உழைக்கிறது.

நெடுஞ்சாலையில் கதை வேறு. ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்குக்கே வேலையில்லை, அப்புறம் மின்சாரம் எங்கிருந்து திரும்பக் கிடைக்கும்? இன்ஜின்தான் இழுக்கிறது. மைலேஜ் மோசமில்லை, அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளிப் போய்வருவதும் லாபமில்லை. சூடேறும்வரை இன்ஜின் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் வீடு வந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் சுமார் 667 லிட்டர் குடிக்கும். 22 தரும் ஹைபிரிட்டுக்கு 455 போதும். மிச்சம் 212 லிட்டர். ஹைபிரிட்டுக்காகக் கூடுதலாகக் கேட்கும் தொகையை இந்த 212 லிட்டரின் விலையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று தெரியும். வருடத்துக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு அது இரட்டிப்பாகும். அவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எல்லோரும் பயப்படுவது பெரிய பேட்டரிக்கு. 1997-இல் டொயோட்டாவின் ப்ரியஸ் ஹைபிரிட் கார் வந்த காலத்திலிருந்து புழங்கும் தொழில்நுட்பம் இது. வாரண்டியும் பொதுவாக நீளமாகவே தருகிறார்கள். எனக்குத் தொல்லை கொடுத்தது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி கிளம்பாது. இன்னொன்று, சில மாடல்களில் பின்சீட்டுக்குக் கீழே இருக்கும் காற்றுத்துளை. பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. பையை வைத்து அதை அடைக்காதீர்கள். ஃபில்டரில் சேரும் தூசியைச் சர்வீஸில் கேட்டுத் தட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, விளம்பரத்தில் ஹைபிரிட் என்று போட்டதெல்லாம் ஒன்றல்ல. மைல்டு ஹைபிரிட்டில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவே. ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜின் அணைந்த நிலையில் வண்டி நகர்கிறதா என்று கவனியுங்கள்.