பேலைனர் விஆர்5: மோட்டார் உள்ளேயா, வெளியேயா?

படகு நிறுவனமான பேலைனரின் விஆர்5 குடும்பப் படகு இரண்டு வகைகளில் வந்தது. ஒன்றில் மெர்குரூசர் 4.5 லிட்டர் வி6 எஞ்சின் படகின் உள்ளேயே அமர்ந்து, பின்சுவரைத் துளைத்து வெளியே வரும் ஸ்டெர்ன்டிரைவின் வழியாக ப்ரொப்பெல்லரைச் சுழற்றுகிறது. மற்றொன்றில் மெர்க்குரி அவுட்போர்டு, அதாவது வெளி மோட்டார், பின்சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. முன்பகுதியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. படகின் அகலம் மூக்கு வரை பெரிதும் குறையாமல் செல்வதால், முன்னிருக்கைகளில் பெரியவர்களும் தாராளமாகக் கால் நீட்டலாம். ஆகவே, எதை வாங்குவது என்பதைப் பின்பகுதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீந்துவதற்கென்றே ஏரிக்குப் போகும் குடும்பத்துக்கு ஸ்டெர்ன்டிரைவ் வகையைப் பார்த்ததும் பிடித்துவிடும். பின்புற மேடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடையின்றி இருப்பதால், குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து தண்ணீரில் காலை நனைக்க முடிகிறது. அவுட்போர்டு வகையில் அதே இடத்தை நடுவிலுள்ள மோட்டார் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. எந்த வகையானாலும், ஆள் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள சிம்கோ ஏரி போன்று குளிர்காலத்தில் உறையும் நீர்நிலையில் படகு வைத்திருப்பவருக்குக் கணக்கு அக்டோபரில் மாறிவிடுகிறது. ஏரி நீரை உறிஞ்சியே குளிர்விக்கப்படும் உள் எஞ்சினில் சிறிதளவு நீர் தங்கினாலும், அது உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைந்து இரும்பு பிளாக்கையே பிளந்துவிடக்கூடும் என்பதால், நீரை முழுவதுமாக வடித்து, உறைதடுப்புத் திரவத்தையும் செலுத்த வேண்டியிருக்கிறது. அவுட்போர்டைச் செங்குத்தாக நிறுத்தினால் நீர் தானே வடிந்துவிடும். என்றாலும் கியர் எண்ணெயை மறவாமல் மாற்ற வேண்டும். ஸ்டெர்ன்டிரைவ் பின்சுவரைக் கடக்கும் இடத்திலுள்ள ரப்பர் பெல்லோஸையும் (நீர் புகாமல் மூடும் மடிப்பு உறை) ஆண்டுதோறும் சோதிப்பது அவசியம். அது கிழிந்தால் தண்ணீர் படகுக்குள்ளேயே வரும். விற்பனைக்கூடத்தில் இதைப் பற்றி யாரும் தாமாகப் பேசுவதில்லை.

மூடிய அறைக்குள் பெட்ரோல் ஆவி தேங்கலாம் என்பதால், உள் எஞ்சினை இயக்குவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் பிளோயரை (ஆவியை வெளியேற்றும் விசிறி) ஓடவிட வேண்டும் என்பதையும் கருத வேண்டும். அவுட்போர்டில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஆழமற்ற கரையை நெருங்கும்போது மோட்டாரை நீருக்கு மேலே முழுவதுமாகத் தூக்கிவிடலாம் என்பது இன்னொரு வசதி.

கடும் குளிர் எட்டாத ஏரியும், நம்பகமான மெக்கானிக்கும் அமைந்தவர்கள் அந்த அகன்ற மேடைக்காகவே ஸ்டெர்ன்டிரைவை வாங்கலாம். பராமரிப்பைத் தாமே செய்ய விரும்பும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது 150 குதிரைத்திறன் அவுட்போர்டு பொருத்திய விஆர்5-ஐத்தான்.