ராடெக்ஸ் நல்லதுதான், மோதல் கோப்புதான் கழுத்தை அறுக்கிறது

விண்வெளி மேகங்களில் மூலக்கூறுகள் வெளியிடும் ரேடியோ கோடுகள் எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று கணக்கிடும் நிரல் ராடெக்ஸ். என்2எச்+ அயனிக்கான (இரண்டு நைட்ரஜன், ஒரு ஹைட்ரஜன்) மோதல் வீதக் கோப்பை மாற்றிவிட்டு அதை மறுபடி ஓட்டினேன். அதே மேகம், அதே தரவு, அதே வெப்பநிலை. விடை மட்டும் வேறு. இதைக் கேள்விப்பட்ட நண்பர், "அப்போ இதை நம்பி நான் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். அவருக்கான பதில்தான் இது. எப்படி நிறுவுவது, என்னென்ன உள்ளீடு கேட்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2007இல் வான் டெர் டாக் குழு வெளியிட்ட இந்த நிரல், இன்றைக்கும் நான் கணினியில் முதலில் திறக்கிற ஒன்று. வெப்பநிலை, ஹைட்ரஜன் அடர்த்தி, பார்வைக் கோட்டில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, நிறமாலைக் கோட்டின் அகலம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். கிளர்வு வெப்பநிலை (மேல்நிலையில் எத்தனை மூலக்கூறுகள், கீழ்நிலையில் எத்தனை என்பதன் அளவு), ஒளித்தடிப்பு (மேகம் தன் ஒளியைத் தானே எவ்வளவு விழுங்குகிறது என்பது), பிரகாசம் மூன்றும் நொடிக்குள் வந்துவிடும். ஆயிரக்கணக்கான சேர்க்கைகளை லூப்பில் போட்டாலும் சளைக்காது. எல்லாம் வெப்பச் சமநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கைவிட இது எவ்வளவோ நேர்மையானது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 10,000 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் இருந்தால் அந்த மேகத்தை அடர்த்தியானது என்கிறோம். அங்கே ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவில் பல மூலக்கூறுகள் கதிரை வெளியிட்டுக் கீழே இறங்கிவிடும். அவை சமநிலைக்கு வருவதே இல்லை.

சின்னக் குறைகள் உண்டு. மேகம் கோளமா, விரிகிற கோளமா, தட்டைப் பலகையா என்பதை மாற்ற நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அது பழகிவிடும்.

பழகாதது மோதல் கோப்பு. ஹைட்ரஜன் வந்து இடிக்கும்போது ஒரு மூலக்கூறு எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எவ்வளவு வேகமாகத் தாவும் என்கிற பட்டியல் அது. பெரும்பாலும் லைடனின் லாம்டா தரவுத்தளத்திலிருந்து எடுப்போம். இலவசம், சாதாரண உரைக் கோப்பு, யாரும் திறந்து படிக்கலாம். இதற்காக அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அந்தக் கோப்பின் தலைப்பு வரிகளை நிறுத்திப் படித்தால் வயிறு கலங்கும்.

ரிஷப மேகக் கூட்டத்தில் இருக்கும் எல்1544ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் விண்மீன் பிறக்காத கரு, அதாவது மேகத்தின் அடர்ந்த உள்பகுதி. மையம் ஏறத்தாழ 7 கெல்வின். கார்பன் மோனாக்சைடை வைத்து அளக்கலாம் என்றால், அது அங்கே தூசித் துகள்கள்மேல் பனியாக உறைந்துவிடுகிறது. பாவ்லா காசெல்லி குழு 1999இல் இதைக் காட்டியது. உறையாமல் வாயுவில் தாக்குப்பிடிப்பது என்2எச்+. அதை அழிக்கிற கார்பன் மோனாக்சைடு விலகிவிட்டதால் மையத்தில் அதற்கு வாழ்வு.

சங்கடம் இங்கேதான். கார்பன் மோனாக்சைடின் முதல் கோடு சில ஆயிரம் அடர்த்தியிலேயே சமநிலையை எட்டிவிடும். அதற்கு மோதல் வீதம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. என்2எச்+ அப்படியில்லை. அதன் 93.17 கிகாஹெர்ட்ஸ் கோட்டுக்கே 1,00,000 அளவில் அடர்த்தி வேண்டும். 279.5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும் 3-2 கோட்டுக்கு (மூன்றாம் சுழற்சி நிலையிலிருந்து இரண்டாவதுக்கு இறங்குவது) இன்னும் பத்து மடங்குக்கு மேல். அந்த எல்லைக்குக் கீழே, பிரகாசம் என்பது மூலக்கூறு எண்ணிக்கை, ஹைட்ரஜன் அடர்த்தி, மோதல் வீதம் மூன்றின் பெருக்கல். வீதம் இரண்டு மடங்கு பிசகினால் நான் அறிவிக்கிற அளவும் இரண்டு மடங்கு பிசகும். எவ்வளவு நேரம் தொலைநோக்கியை நீட்டி இரைச்சலைக் குறைத்தாலும் அது சரியாகாது.

அப்படிப்பட்ட மூலக்கூறுக்குப் பழைய கோப்பில் இருந்தது சொந்த எண்களே அல்ல. இரண்டிலும் எலக்ட்ரான் எண்ணிக்கை சமம் என்பதால் எச்சிஓ+ அயனியின் வீதங்களை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். அதுவும் 10 கெல்வினில் தொடங்கும். நான் 7 என்று கொடுத்தால் நிரல் 10 கெல்வின் எண்ணையே எடுத்துக்கொள்ளும். வேறு சில மூலக்கூறுகளுக்கு ஹீலியத்தோடு கணக்கிட்ட வீதத்தை 1.4ஆல் பெருக்கி, ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்வார்கள். அயனிகளுக்கு அது சரிப்படாது, ஹைட்ரஜன் அவற்றை ஹீலியத்தைவிட வலுவாக ஈர்க்கும். கோபம் வருகிறது, ஆனால் யார்மேல் கோபப்படுவது? ஒரு மூலக்கூறுக்கான குவாண்டம் கணக்கு சிலருக்கு வருடக்கணக்கான உழைப்பு. புதிய வீதங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டும் இருக்கின்றன.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. என்2எச்+இன் முதல் கோடு, நைட்ரஜன் அணுக்கருக்களால் ஏழு சிகரங்களாகப் பிரிந்து தெரியும். அவற்றின் விகிதத்திலிருந்து ஒளித்தடிப்பை நேராகவே படித்துவிடலாம், மோதல் வீதம் எதுவும் தேவையில்லை. குளிர்ந்த மேகத்தின் மெல்லிய கோடுகளில் அந்த ஏழும் தனித்தனியாக நிற்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். ராடெக்ஸோ ஒவ்வொரு கோட்டையும் தனியாள் போலவே நடத்தும். ஒன்றன்மேல் ஒன்று படிகிற கோடுகள் ஒன்றையொன்று பாதிப்பது அதன் கணக்கில் இல்லை.

கடைசியில், ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று சொல்ல, எல்லாவற்றையும் ஹைட்ரஜனின் அளவால் வகுக்க வேண்டும். இந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு ஒளிர்வதில்லை என்பதால் தூசியை வைத்துத்தான் அதைக் கணிக்கிறோம். அந்தக் கதை தனிப் பதிவு கேட்கும்.

சரி, நண்பருக்கு என் தீர்ப்பு. இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: கருவின் மையத்தில் என்2எச்+ எவ்வளவு என்று ஒற்றை எண் சொல்ல ராடெக்ஸை எடுக்காதீர்கள். ஏழு சிகரங்களிலிருந்து தொடங்குங்கள், அப்புறம் அடர்த்தியும் வெப்பமும் உள்ளே போகப் போக மாறுவதைக் கணக்கில் எடுக்கிற பெரிய நிரலுக்குப் போங்கள். ராடெக்ஸில் போட்டே ஆகவேண்டும் என்றால், எந்த வருடத்து மோதல் கோப்பு என்பதை அட்டவணையிலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் அல்ல. நான் அடுத்த மேகத்துக்கும் ராடெக்ஸையேதான் முதலில் ஓட்டுவேன், பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டையும் வைத்து.