ஹார்மோன் டெஸ்ட்: மாதவிடாய் தேதி கேட்காத லேபில் கையை நீட்டாதீர்கள்

'குழந்தைப்பேறு ஹார்மோன் பேக்கேஜ்' என்று ஒரு லேபில் பணம் கட்டினேன். கருமுட்டையை வளர்க்கும் எஃப்எஸ்எச், அதை வெளிவரச் செய்யும் எல்எச், பெண் ஹார்மோன்களான எஸ்ட்ரடயால், புரொஜெஸ்டிரோன், பால் சுரக்க வைக்கும் புரொலாக்டின், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்துவிட்டார்கள். கடைசி மாதவிடாய் தேதிக்குப் படிவத்தில் கட்டம் இருந்தது. யாரும் கேட்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை.

ரிப்போர்ட்டில் எஃப்எஸ்எச், எல்எச் அதிகம், புரொஜெஸ்டிரோன் குறைவு என்று வந்தது. உடனே லேபிலிருந்து போன்: "கருமுட்டை இருப்பு குறையுது மேடம், தள்ளிப் போடாதீங்க." கையோடு அடுத்த பேக்கேஜையும் விற்கப் பார்த்தார்கள்.

டாக்டர் தேதியைக் கேட்டுவிட்டு ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டார். அன்று எனக்குச் சுழற்சியின் நடுப்பகுதி. முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் எல்எச் திடீரென ஏறும், கூடவே எஃப்எஸ்எச்சும் ஏறும். புரொஜெஸ்டிரோன் அதற்குப் பிறகுதான் உயரும். அதாவது முட்டை வெளிவரப் போவதன் அறிகுறியைக் காட்டியே என்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள்! ஏஎம்எச் மட்டும் எந்த நாளிலும் பார்க்கலாம். அது எனக்கு நார்மலாகத்தான் இருந்தது. போனில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடயாலை மாதவிடாய் தொடங்கிய 2 அல்லது 3ஆம் நாளில் எடுக்க வேண்டுமாம். புரொஜெஸ்டிரோனுக்கு 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. எனக்கு 35 நாள், அதனால் 28ஆம் நாள். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 7 நாள் முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்தடை மாத்திரை போடுகிறீர்களா என்றும் கேட்கவில்லை. முடிக்காகப் போடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சில கருவிகளில் அளவையே மாற்றிக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே எச்சரித்த விஷயம் இது. மூச்சிரைக்க மாடி ஏறி வந்தவளை உட்காரக்கூட விடாமல் ரத்தம் எடுத்தார்கள். பதற்றத்திலேயே புரொலாக்டின் கூடும். கணவருக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்த்ததோ மாலையில்! அது காலையில்தான் அதிகமாக இருக்கும், அப்போதுதான் எடுக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சாம்பிளில் தப்பில்லையே மேடம்" என்கிறார்கள். அப்புறம், அடுத்த பேக்கேஜுக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்.